ரீகா சுவர்க் காலண்டர்: பேருக்காக வாங்கலாம்

லாட்வியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள் குளிர்கோட்டுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது ஓர் உள்ளூர்ச் சுவர்க் காலண்டர். போனிலேயே தேதி இருக்கிறதே என்பீர்கள். இங்கே காலண்டரில் ஆள் பார்க்கிறார்கள்.

தேதிக்குத் தேதி இரண்டு மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அன்று பெயர் நாள். ஜூன் 29 பேட்டெரிஸ், ஜூலை 26 ஆன்னா, நவம்பர் 10 மார்ட்டின்ஷ். பிறந்தநாள் என்றால் யாராவது சொன்னால்தான் தெரியும். இதை ஊரே அறியும். அதனால் அழைப்பு எதுவும் கிடையாது. தெரிந்தவர்கள் பூவோடு தாங்களாகவே வந்து நிற்பார்கள். பூ ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. அலுவலகத்தில் கேக் வாங்கி வரும் செலவு பெயர்க்காரருடையது. சிலர் க்ளிங்கெரிஸ் கொண்டு வருவார்கள்: உலர்திராட்சை போட்டு, முறுக்கு மாதிரி வளைத்துச் சுட்ட பெரிய இனிப்பு ரொட்டி. வயதைக் கேட்கும் சங்கடம் இல்லை என்பதால் எனக்குப் பிறந்தநாளைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

சரி, காலண்டருக்கு வருவோம். நான் வாங்கியது மூன்று மாதங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும் வகை. இன்றைய தேதியைக் காட்ட ஒரு சிவப்புச் சட்டத்தை நகர்த்திக்கொள்ளலாம். அந்தச் சட்டம் சும்மா நிற்காது. ஜன்னலைத் திறந்தால் வழுக்கி அடுத்த வாரத்துக்குப் போய்விடும். தாள் கெட்டி, அச்சு சுத்தம். ஆனால் பெயர்கள் எறும்பு சைஸ். எதற்காக வாங்குகிறோமோ அதையே கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. கிழமைகளுக்கு முதலெழுத்து மட்டும்தான். லாட்விய மொழியில் திங்களும் வெள்ளியும் ஒரே எழுத்தில் தொடங்கும். வெள்ளிக்கிழமைக்காக ஏங்குகிற எங்களுக்கு இது கொஞ்சம் கொடுமை. ராகுகாலமெல்லாம் தேடாதீர்கள்.

ஜூன் பக்கம் மட்டும் தனி அழகு. 23, 24 இரண்டுமே சிவப்பு, அரசு விடுமுறை. 23 லீகா என்ற பெண்களுக்கு, 24 யானிஸ் என்ற ஆண்களுக்கு. நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் ஆண் பெயர் யானிஸ்தான். எங்கள் தளத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், "யானிஸ்!" என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பும். 23-ஆம் தேதி இரவில் தலையில் ஓக் இலை மாலை, நெருப்பு மூட்டம், சீரகம் போன்ற ஒரு விதை தூவிய பாலாடைக்கட்டி, பியர். விடியும்வரை தூங்கக் கூடாது என்பது சம்பிரதாயம்.

என் பெயர் கயல்விழி. எந்தத் தேதியிலும் இல்லை, இருக்கவும் போவதில்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: காலண்டரில் இடம்பெறாத பெயர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மே 22. அன்று எனக்கும் ஐந்து டியூலிப் வந்தது. கேக் செலவும் வந்தது.

வாங்குவதானால் மாதத்துக்கு ஒரு தாள் உள்ள பெரிய வகையை எடுங்கள், எழுத்து பரவாயில்லை. கடையில் பிரித்துக் காட்டச் சொல்லி, மே 22 கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.