டெஸ்லா காயிலுக்கு உப்புத்தண்ணீர் பாட்டிலா, ஃபிலிம் வரிசையா?

உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் 9,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர் கையில் சிக்கியது. அன்று பிடித்த கிறுக்கு இது: உயர் வோல்டேஜில் நீளத் தீப்பொறி பறக்கவிடும் டெஸ்லா காயில். கோயமுத்தூரில் செகண்டரிக்கு, அதாவது பொறி கிளம்பும் உயரமான சுருளுக்கு, கவலையே இல்லை. மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் கம்பி கிலோ கணக்கில் வாங்கலாம். நாலு அங்குல பிவிசி பைப்பில் ஆயிரம் சுற்று ஆயிற்று. மாட்டிக்கொண்டது, சார்ஜைச் சேர்த்துவைத்துப் பிரைமரி என்ற கீழ்ச் சுருளில் பாய்ச்சும் கெபாசிட்டரில்தான்.

இந்த டிரான்ஸ்ஃபார்மரோடு நம் 50 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வது சுமார் 10.6 நானோஃபாரட் கெபாசிட்டர். அதையே வைத்தால் வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதனால் ஒன்றரை மடங்கு, அதாவது 15, 16 வைப்பார்கள். அமெரிக்க அட்டவணைகள் 60 ஹெர்ட்ஸுக்குப் போட்டவை, அப்படியே எடுக்காதீர்கள்.

முதலில் பாட்டில். பீர் பாட்டிலுக்குள் உப்புத்தண்ணீர், வெளியே அலுமினியத் தாள். ஒன்று ஒரு நானோஃபாரட்டைக்கூடத் தொடாது. இருபதுக்கு மேல் அடுக்கினேன். செலவு ஏறக்குறைய இல்லை.

அடுத்தது பிளாஸ்டிக் தாளையும் அலுமினியத் தாளையும் சேர்த்துச் சுருட்டும் கெபாசிட்டர். வைண்டிங் கடை அண்ணன், "ஏனுங்க தம்பி, மைலார் கெடக்குதுல்ல, அதையே சுத்திக்குங்க" என்றார். மோட்டாருக்கு அது சரி. டெஸ்லா காயிலின் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் மைலார், அதாவது பாலியெஸ்டர், சூடாகிவிடும். பாலித்தீன் தாள் தேவலை; ஆனால் தாளின் ஓரத்தில் நீல ஒளி கசிந்து பிளாஸ்டிக்கை அரிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலில் முக்கி, காற்றுக்குமிழி இல்லாமல் வைக்க வேண்டும். ஒன்று செய்தேன், ஒரு வாரத்தில் ஓட்டை. என் கைப்பழக்கம் போதாமலும் இருக்கலாம்.

கடைசியில் காசைப் போட்டுக் கார்னெல் டுபிலியர் 942சி வகை பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் பத்து வாங்கினேன். ஒவ்வொன்றும் 0.15 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட். பத்தையும் வரிசையாகக் கோர்த்தால் சரியாக 15 நானோஃபாரட், 20,000 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 12,700 வோல்ட்தான்.

இதன் பக்கம் நான் சாய்ந்தது தீப்பொறியின் நீளத்துக்காக இல்லை, டியூனிங்குக்காக. பிரைமரியில் கிளிப்பை ஒவ்வொரு சுற்றாக நகர்த்தி, செகண்டரியோடு ஒத்துப்போகும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கெபாசிட்டர் 10 சதவீதம் மாறினால் அதிர்வெண் 5 சதவீதம் நகரும். பத்துச் சுற்றில் கிட்டத்தட்ட அரைச் சுற்றுக் கணக்கு. பாட்டிலில் தண்ணீர் வற்றும், உப்பு கழுத்து வரை ஏறிப் படியும், கண்ணாடி சூடானால் அளவு மாறும். சித்திரை வெயிலில் காலையில் பிடித்த இடம் சாயங்காலம் நிற்காது. மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் வற்றுவது குறையும், அவ்வளவுதான். தீப்பொறி குட்டையானால் பழி பாட்டில் மேலா, கிளிப் மேலா, பொறி தாவும் இடைவெளியான ஸ்பார்க் கேப் மேலா என்று தேடியே ராத்திரி போய்விடும். ஃபிலிம் வரிசை வந்தபின் கிளிப்பை ஒரே ஒருமுறை நகர்த்தினேன், அதுவும் செகண்டரியின் உச்சியில் பெரிய உலோக டோனட் வைத்தபோது. இன்னொன்று: ஒத்ததிர்வு காட்டும் இடத்தைவிடக் கால் சுற்று கூடுதலாக வையுங்கள், பொறி கிளம்பியதும் அதுவே கெபாசிட்டன்ஸ் சேர்த்துச் செகண்டரியின் அதிர்வெண்ணை இறக்கிவிடும்.

ஒவ்வொரு கெபாசிட்டர் மேலும் 10 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டால் அணைத்த சில நொடிகளில் சார்ஜ் வடிந்துவிடும். இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கி, நீளக் குச்சியில் கட்டிய கம்பியால் ஷார்ட் செய்யாமல் கை வைக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரே ஆளைக் கொல்லும்.

ஒரு நாள் பொறி பார்த்தால் போதும் என்பவருக்குப் பாட்டிலே போதும். ஃபேன் கெபாசிட்டரைக் கோர்க்கலாமா என்று கேட்கிறார்கள். நான் முயன்றதில்லை. 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி என்றால் உச்சத்தைத் தாங்கவே இருபதுக்கு மேல் வேண்டும். அப்போதும் அளவு ஏழெட்டு மடங்கு அதிகம். போதாததற்கு, அவை இந்த மாதிரி வெட்டு வெட்டாகப் பாயும் கரண்டுக்குச் செய்தவையும் அல்ல.