பால்வெட்டும் ஃபயர்பாக்ஸும்: ஒன்றேகால் வருஷம் பாட்காஸ்ட் கேட்ட கதை

குலசேகரம் பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், ஏறக்குறைய 200 ரப்பர் மரம். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கே பால் வெட்ட இறங்கிவிடுவேன். நெற்றியில் லைட், ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது காட்டுப்பன்றிக்கு.

காதில் ஓடுவது பாட்காஸ்ட், இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி. முதலில் அதற்கென்று ஒரு ஆப் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். லாகின் கேட்டது, லொக்கேஷன் கேட்டது. அம்மாவுக்காகச் சர்க்கரை நோய் பற்றி இரண்டு எபிசோட் கேட்டதும் முகப்பு முழுக்க மருந்தும் டயட்டும் வந்து நின்றன. எனக்கே சர்க்கரை என்று அது முடிவு கட்டிவிட்டது போல. அன்றைக்கே தூக்கிவிட்டு, ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் நிகழ்ச்சியின் தளத்தைத் திறந்து நேராகக் கேட்க ஆரம்பித்தேன்.

பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு ஆர்எஸ்எஸ் ஓடை (புது எபிசோட் வர வர நீளும் பட்டியல்), அதில் தொங்கும் எம்பி3 ஆடியோ ஃபைல்கள். அவ்வளவுதான். தனி ஆப் இல்லாமலும் கேட்கலாம். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ள முடிவது பெரிய வசதி. ஸ்கிரீனை அணைத்தாலும் ஆடியோ ஓடும், லாக் ஸ்கிரீனிலேயே நிறுத்தலாம். கையெல்லாம் பால் ஒட்டியிருக்கும்போது ஸ்கிரீனைத் தொடவே முடியாது. இயர்போன் பட்டன்தான் துணை.

நாம் எங்கே போகிறோம் என்று தளங்கள் பின்தொடர்வதை மறிக்கும் ஃபயர்பாக்ஸின் கண்காணிப்புத் தடுப்பை 'ஸ்ட்ரிக்ட்' என்று வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் சில தளங்கள் சரியாக ஓடாமல் போகலாம் என்று ஃபயர்பாக்ஸே எச்சரிக்கிறது. எனக்கும் ஒரு தளத்தில் பிளே பட்டன் செத்துக் கிடந்தது. முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயத்தைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பை எடுத்துவிட்டேன், பாடியது.

முதல் மாதம் பத்து நிமிஷத்துக்கொரு தடவை சத்தம் நின்றுபோகும். பிரவுசரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் போனின் பேட்டரி சேவர் அதைக் கொன்றுகொண்டிருந்தது. பேட்டரி செட்டிங்கில் அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினேன், சரியானது. சரிவில் இறங்கினால் டவர் கிடையாது என்பதால் ராத்திரியே வீட்டில் டவுன்லோட் செய்துவிடுவதும் உண்டு. ஆடியோவின் தரம் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்பி, 64 என்றால் அதில் பாதி. பேச்சுக்கு 64 தாராளம்.

ஃபயர்பாக்ஸும் யூபிளாக்கும் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைல் இருக்கும் சர்வருக்கு இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி போகத்தான் செய்யும். அதை வைத்து ஊரை உத்தேசமாகக் கணக்கிட்டு, எபிசோடுக்குள்ளேயே விளம்பரத்தைச் செருகுகிறவர்கள் உண்டு. ஆடியோவோடு சேர்ந்து வருவதை யூபிளாக்கால் வெட்ட முடியாது. மொபைல் ஐபியில் ஊர் துல்லியமாகத் தெரியாது என்பதாலோ என்னவோ, ரப்பர் மூட்டில் குனிந்து நிற்கும் என்னிடம் சென்னையில் மூன்று பெட்ரூம் ஃபிளாட் வாங்கச் சொல்கிறார்கள்.

என்னை ரொம்ப நாள் படுத்தியது வேறு. பிரவுசரை விட்டு வெளியேறும்போது எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தளங்கள் நம் போனில் விட்டுவைக்கும் குக்கீ என்ற குறிப்புகளோடு, எந்த நிமிஷத்தில் விட்டேன் என்பதும் போய்விடும். பால் எடுக்க வாளியைத் தூக்கும்போது நிறுத்தி வெளியேறுவேன், மறுபடி திறந்தால் எபிசோட் முதலிலிருந்து வணக்கம் சொல்லும். அந்த செட்டிங்கை மாற்றினால் தீரும், மனசு வரவில்லை. அதனால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் பக்கத்துத் தூணில் கரிக்கட்டையால் நிமிஷத்தை எழுதி வைக்கிறேன். 22. 47. 1.08.

பக்கத்து விளை அண்ணன், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வாங்க வந்தவர், தூணைப் பார்த்துவிட்டு, "என்னடே, வட்டிக்குக் குடுத்த கணக்கா?" என்றார்.

"இல்ல அண்ணே, பாட்காஸ்ட்டு."

"அதுக்கு எவ்வளவு வட்டி?"

லாகின் செய்தால் அந்த ஆப் தானாகவே ஞாபகம் வைத்திருக்கும், அது உண்மை. தினம் நாலைந்து நிகழ்ச்சி மாறி மாறிக் கேட்பவர்களுக்கு என் வழி ஒத்துவராது, புது எபிசோட் வந்தால் சொல்லவும் ஆளில்லை. எனக்கு இரண்டே நிகழ்ச்சி, ஒரு தூண்; போதும்.

மூன்று நாளாக மழை, வெட்டு இல்லை. தூணில் 31 என்று நிற்கிறது.