பேப்பரா, பேடா, பாத்ரூமா, கீழேயா?

மும்பை செம்பூரில் ஏழாவது மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை. மே மாத நடுவில் அங்கே வந்து சேர்ந்தது இரண்டு மாத ஷிட்ஸு நாய்க்குட்டி. முடியைப் பார்த்து அம்மா வைத்த பெயர் சேமியா. முதல் வாரத்தில் அது ஒன்றுக்குப் போகாத இடம் சாமி அலமாரி மட்டும்தான், அதுவும் உயரம் எட்டாததால்.

வெளியே போக வழியில்லாத குட்டிக்கு எங்கே பழக்குவது? கேட்டவர்கள் எல்லாரும் நாலு வழிதான் சொன்னார்கள். நாங்கள் நாலையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக் குட்டியைக் குழப்பினோம். அப்புறம்தான் ஒன்று புரிந்தது: இந்தப் பாடம் நாய்க்குக் கால் வழியாக ஏறுகிறது. சின்ன வயதில் எதை மிதித்துக்கொண்டு ஒன்றுக்குப் போய்ப் பழகுகிறதோ, பிறகும் அதே மாதிரித் தரையைத்தான் தேடும். நாலு வழியையும் இதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பேப்பர் செலவில்லாதது. ஆனால் அவ்வளவாக உறிஞ்சாது, அடியில் ஓடிவிடும். ஷிட்ஸுவின் கால் முடி மை கலந்து சாம்பல் நிறமாகும். எங்கள் அப்பா தரையில் விரித்துத்தான் பேப்பர் படிப்பார். ஒருநாள் கண்ணாடி எடுக்க எழுந்தார். திரும்புவதற்குள் நடுப்பக்கம் நனைந்துவிட்டது. "தலையங்கம் அதுக்கும் பிடிக்கலை போல" என்றார் அம்மா. பேப்பர் கதை அன்றோடு முடிந்தது.

பேட் என்பது நாய் ஒன்றுக்குப் போகத் தரையில் விரிக்கும் விரிப்பு. நன்றாக உறிஞ்சும், ராத்திரிக்கு வசதி. வீட்டில் நாளெல்லாம் ஆளில்லை என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் காலுக்கு அது மெத்தென்ற துணி. பத்தே நாளில் சேமியாவுக்கு மிதியடியும் பேட்தான், அம்மாவின் மடித்த புடவையும் பேட்தான். போதாததற்குக் கிழித்து விளையாடும்; உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மாதக் கடைசியில் அதற்கான செலவைக் கூட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

கீழே கூட்டிப்போவதுதான் சரியான பழக்கம் என்று பெங்களூரில் இருக்கும் தங்கை அடித்துச் சொல்வாள். அவளுக்கு வாசலைத் திறந்தால் மண். எனக்கு லிஃப்ட் வர வேண்டும், வாட்ச்மேன் கேட்டைத் திறக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டி அதிகபட்சம் மூன்று மணி நேரம் தாங்கும், சின்ன ஜாதி அதுகூடத் தாங்காது. அதைவிட முக்கியம், தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் ஊசி முடியும்வரை தெரு நாய்கள் நடமாடும் தரையில் விடக்கூடாது.

அதற்குள் மும்பை மழை வந்துவிடும். எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரில் லெப்டோ (லெப்டோஸ்பைரோசிஸ்) என்ற நோய் வரும். சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும், நாயிடமிருந்து நமக்கும் ஒட்டும். அதற்கும் ஊசி உண்டு, வருடா வருடம் போட வேண்டும். போட்டாலும் எல்லா வகை லெப்டோவும் அதில் அடங்காது. ஆனால் ஊசி முடியவில்லை என்று குட்டியை நாலு சுவருக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். மூன்றரை மாதம் வரைதான் அது உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் வயது. நான் தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி ஆட்டோ, பஸ், குக்கர் விசில், சொசைட்டிப் பிள்ளைகளின் கிரிக்கெட் கூச்சல் எல்லாம் காட்டினேன்.

என் ஓட்டு பாத்ரூமுக்கு. சொரசொரப்பான டைல்ஸ், ஹாலின் வழுவழு தரையிலிருந்து காலுக்கே வித்தியாசம் தெரியும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். மூக்கைத் தரையில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றும், பின்னங்கால் லேசாக மடங்கும். அப்போது "போ" என்ற ஒரே சொல். முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே, ஒரு துணுக்கு வேகவைத்த கோழி. ஹாலுக்கு வந்தபிறகு கொடுத்தால், ஹாலுக்கு வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

குறை ஈரம். விரலிடுக்கில் முடி ஈரமாகவே இருந்தால் புண்ணாகும். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், பாதத்தடியில் முடியைக் கத்தரிக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு இந்த வழி ஆகாது.

எந்த வழியானாலும் தவறு நடக்கும். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பது அம்மா ஊர்ப் பழக்கம். அதனால் குட்டி கற்றுக்கொள்வது, நம் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போவதைத்தான். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். வாடையை அறுக்க, மூத்திரக் கறையைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் வேண்டும்.

இப்போது ஆகஸ்ட், சேமியாவுக்கு ஐந்து மாதம். மழை விட்டால் காலையில் ஒருமுறை கீழே, மற்றதெல்லாம் பாத்ரூம். ஒரே சிக்கல், வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாத்ரூம். அப்பா குளிக்கப் போனால் சேமியா கதவுக்கு வெளியே நின்று குரைக்கிறது. அரை மணி நேரம் குளிப்பவர் இப்போதெல்லாம் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறார்.