தஞ்சாவூரா, நாகூரா? ஒருநாள் கையில் இருந்தால்

டெல்டா பக்கம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, பல மதமும் மொழியும் கலந்த பழைய ஊராக இருக்கணும், பாட்டோடும் சம்பந்தம் வேணும் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு ஊர்களைச் சொல்வேன். இரண்டையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு வரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பேருந்தில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

தஞ்சாவூரில் கண்ணுக்கு வேலை அதிகம். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிய பெண்களுக்கு, வீடும் பங்கும் கொடுத்த கணக்கு இருக்கிறது. திருப்பதிகம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். அதே கோயில் மதிலில் தஞ்சை மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே குலக் கதையை மராத்தியில் வெட்டிவைத்திருக்கிறார்.

அந்தச் சரபோஜிக்குக் குருவாக இருந்தவர் ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டிய தேவாலயத்துக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. சாகக் கிடக்கும் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி ராஜா நிற்கிறார். செதுக்கியவர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன். பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் இதுதான்.

சரபோஜியின் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டும் இருந்தது, இசையிலும் நாட்டியத்திலும் பேர்போன சகோதரர்களான தஞ்சை நால்வரும் இருந்தார்கள். நால்வரில் இளையவர் வடிவேலு வெள்ளைக்காரன் பிடிலைக் கையில் எடுத்தார். பிறகு திருவனந்தபுரம் போய் சுவாதித் திருநாளிடம் தந்தத்தில் செய்த பிடிலைப் பரிசாக வாங்கினார். ஆனால் இதெல்லாம் படித்துவிட்டுப் போனால்தான் தெரியும். தை மாதம் திருவையாறு ஆராதனை சமயம் தவிர, ஊரில் பாட்டு தானாக வந்து காதில் விழாது.

நாகூர் இதற்கு நேர்மாறு. பார்ப்பதற்குத் தர்கா ஒன்றுதான், அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங். குளத்தங்கரையில் மொட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவர்களைப் பார்த்தால் இது யாருடைய கோயில் என்ற கேள்வியே தோன்றாது. வீடு, படகு, கை, கால் என்று வெள்ளித் தகட்டில் வெட்டியதைக் காணிக்கையாக வாங்கி உள்ளே போகிறார்கள். அப்புறம் பாட்டு. வியாழக்கிழமை மாலை போங்கள். வாசல் கடைகளில் நாகூர் ஹனிபாவின் குரல் ஒலிக்கும். தாயிரா என்ற தோல் வாத்தியத்தைத் தட்டிப் பாடும் பக்கீர்கள் அகப்பட்டால் அதிர்ஷ்டம். இந்தத் தர்காவின் ஆஸ்தான வித்வானாக இருந்த எஸ்.எம்.ஏ. காதர் முறையாகக் கர்நாடக சங்கீதம் பாடியவர். தர்காவின் வருடாந்திரத் திருவிழாவான கந்தூரி 14 நாள். நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும் இரவில் நெரிசல் அதிகம், சின்னக் குழந்தையோடு போக வேண்டாம்.

சரி, எது? வரலாறு படிக்கிற ஆசாமி, மத்தியான வெயிலில் வெறுங்காலோடு கல் தரையில் நடக்கத் தயார் என்றால் தஞ்சாவூர். மற்றவர்களுக்கு நாகூர்தான். இருட்டியதும் தெருவில் வாடா என்ற பலகாரம் சுடுவார்கள், எறால் வைத்தது. சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.