எந்தக் கல்லில் கட்டுவது? வீட்டின் கார்பன் கணக்கில் சுவருக்கு எந்த இடம்?

வீடு கட்டப் போகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது "செங்கல்லா, ஏஏசி பிளாக்கா?" என்பதுதான். ஏஏசி என்பது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான காங்கிரீட் கல். சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவர்கள் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல்லையும், சுடாமல் அழுத்திச் செய்த மண்கல்லையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் கட்டும் சாதாரண வீட்டில், சுவர்க் கல்லுக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய முடிவுகள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பற்றி வீட்டுக்காரரும் கேட்பதில்லை, மேஸ்திரியும் சொல்வதில்லை.

ஒரு வீட்டின் முழு ஆயுள் கார்பன் என்பது பொருள் தயாரிப்பில் தொடங்கி லாரியில் வருவது, கட்டுவது, 50 வருடம் குடியிருப்பது, பழுதுபார்ப்பது, கடைசியில் இடிப்பது வரை எல்லாவற்றிலும் வெளியேறும் வாயுக்களின் கூட்டுத்தொகை. ஐரோப்பாவில் இதற்கு இஎன் 15978 என்று ஒரு தரநிலை இருக்கிறது. டென்மார்க் 2023இல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டிடங்களுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ என்று வரம்பே போட்டது. நம் ஊரில் வீட்டுக்கு அப்படி வரம்பு வைத்த சட்டம் இல்லை. எனவே கணக்கை நாமே போட வேண்டும். அது அப்படியொன்றும் கடினமில்லை.

ஆயிரம் சதுர அடியில் தரைத்தளம் மட்டும் உள்ள, பில்லர் போட்டுக் கட்டிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி என்பது கட்டுமானக்காரர்கள் வாய்க்கணக்காகச் சொல்வது. அப்படியானால் 400 மூட்டை, அதாவது 20 டன் சிமென்ட். 4 டன் கம்பி. செங்கல் ஒரு 15,000. ஓபிசி என்ற, சாம்பலோ கசடோ கலக்காத சாதாரண சிமென்ட் ஒரு கிலோ தயாரானால் சுமார் 0.85 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள் இருந்தே வருகிறது, எனவே சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அது போகாது. இந்திய எஃகுக்கு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 2.5 டன். ஆக சிமென்ட் 17 டன், கம்பி 10 டன், செங்கல் சூளையைப் பொறுத்து 5 முதல் 9 டன். ஜல்லி, எம்-சாண்ட், டைல்ஸ், லாரி எல்லாம் சேர்த்து இன்னும் நான்கைந்து டன். மொத்தம் 38 டன் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது சுவருக்கு வருவோம். கல்லை எடைக்கு எடை ஒப்பிடுவதுதான் விற்பனையாளர்களின் வழக்கம். அது தப்பான வழி. ஒரு சதுர மீட்டர் முடிந்த சுவர், அதன் கலவை, இரு பக்கப் பூச்சு எல்லாம் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 115 கல், 345 கிலோ எடை. கல் எங்கே சுட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜிக்ஜாக் முறையில் புகை வளைந்து போகும் சூளையில் ஒரு கிலோ கல்லுக்கு 0.1 கிலோவை ஒட்டி வரும். திறந்த வெளியில் அடுக்கிச் சுடும் காளவாசலில் எரிபொருள் அதன் இரண்டு மடங்குக்கும் போகலாம். கலவை, பூச்சோடு சேர்த்து ஒரு சதுர மீட்டர் சுவரின் கார்பன் 55 முதல் 85 கிலோ. இதே செங்கல்லை, கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், அதாவது கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டினால், கல் நாலில் ஒரு பங்கு மிச்சம். வெளிப்பூச்சையும் விட்டுவிடலாம். செங்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கட்டத் தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு இஞ்ச் ஏஏசி சுவரின் கார்பன் 40 முதல் 45 கிலோ. ஏஏசி ஒரு கிலோவுக்குப் பார்த்தால் செங்கல்லைவிட மோசம். சிமென்ட், சுண்ணாம்பு, அலுமினியத்தூள், போதாததற்கு நீராவியில் வேகவைப்பது வேறு. ஆனால் அது தண்ணீரில் மிதக்கும் அளவு லேசு, ஒரு சதுர மீட்டருக்கு எடை 120 கிலோதான். அதனால்தான் சுவராகும்போது ஜெயிக்கிறது. வெப்பத்தைத் தடுப்பதிலும் செங்கல்லைவிட மூன்று நான்கு மடங்கு மேல். சென்னையில் பத்து மாடி கட்டுபவருக்கு ஏஏசி நல்ல முடிவு: சுவர் லேசாவதால் பில்லரும் ஃபவுண்டேஷனும் சிறுக்கின்றன. தரைத்தள வீட்டில் அந்த லாபம் பெரிதாக இல்லை.

ஃபிளை ஆஷ் கல் சுவர் 35 கிலோ அளவில் நிற்கும். சுடுவதே இல்லை, கார்பன் எல்லாம் அதில் கலக்கும் சிமென்டில் வருவது. இந்தக் கணக்கில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பலைக் கழிவு என்று சொல்லி அதன் கார்பனைப் பூஜ்யமாக வைக்கிறோம். இன்றைக்கு மலைமலையாகக் குவிந்து கிடக்கும்வரை அது நியாயம்தான்.

ஐந்து சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல், பூச்சில்லாமல் விட்டால், 20 முதல் 25 கிலோ. நான்கிலும் இதுதான் குறைவு. ஆரோவில்லில் இந்தக் கல்லில் நான்கு தளம் வரை எழுப்பிய விகாஸ் குடியிருப்பு 1990களில் இருந்து நிற்கிறது, எனவே உறுதி பற்றிய பயம் தேவையில்லை. சிக்கல் மண்ணில்தான். ஆரோவில்லின் செம்மண் இதற்கென்றே அமைந்தது மாதிரி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணில் அதே கலவையைப் போட்டால் கல் வெடிக்கும், அங்கே சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பு பார்க்க வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் இறங்கக் கூடாது. மனையில் தோண்டிய மண்ணிலேயே கல் அடித்தால்தான் முழுப் பலன். இருநூறு கிலோமீட்டரில் இருந்து வரவழைத்தால், ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 390 கிலோ எடையைச் சுமந்து வரும் லாரி எட்டுக் கிலோ கார்பனைச் சேர்த்துவிடும்.

நம் மாதிரி வீட்டில் சுமார் 130 சதுர மீட்டர் சுவர். செங்கல்லை விட்டு ஏஏசிக்குப் போனால் 3 டன் மிச்சம். மண்கல்லுக்குப் போனால் 5 டன். 38 டன்னில் இது நல்ல தொகைதான். ஆனால் சிமென்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

மூட்டையில் ஐஎஸ் 269 என்று இருந்தால் ஓபிசி. ஐஎஸ் 1489 என்று இருந்தால் பிபிசி, அதாவது சாம்பல் கலந்தது. எத்தனை சதவீதம் சாம்பல் என்றுகூடப் பல மூட்டைகளில் அச்சடித்திருப்பார்கள், 35 வரை சேர்க்க அனுமதி உண்டு. ஐஎஸ் 455 என்றால் பிஎஸ்சி, இரும்பு உலைக் கசடு சேர்த்தது. பிபிசி ஒரு கிலோவுக்குச் சுமார் 0.6, பாதிக் கசடு உள்ள பிஎஸ்சி இன்னும் கீழே. மூட்டையை மாற்றினால் மட்டும் நம் வீட்டில் 5 டன் குறைகிறது. மண்கல்லுக்கு மாறியதில் கிடைத்த அதே 5 டன்! புது ஆள் வேண்டாம், புது மிஷின் வேண்டாம், மூட்டை விலையும் பெரும்பாலும் ஓபிசியைவிடக் குறைவு. "ரூஃபுக்கு மட்டும் 53 கிரேடு ஓபிசி வாங்கிடுங்க" என்று சொல்வது இன்னும் ஓயவில்லை. பிபிசியில் கூரை போடலாம், காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 அதை ஏற்கிறது. பலம் மெதுவாக ஏறும் என்பதால் 7 நாளுக்குப் பதில் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும், சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. அந்தச் சில நாள் பொறுமைக்கு 5 டன் கொஞ்சமா?

சென்னை ஐஐடி உள்பட சில நிறுவனங்கள் உழைத்து உருவாக்கிய எல்சி3 சிமென்ட் இதற்கும் ஒரு படி மேல்: பாதி கிளிங்கர், அதாவது சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த சிமென்ட் மூலப்பொருள், மீதியில் பெரும்பங்கு சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும். ஓபிசியைவிடக் கார்பன் 40 சதவீதம் வரை குறையும். 2023இல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. உங்கள் ஊர்க் கடையில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

அப்புறம் பில்லர். இப்போது ஒற்றை மாடி வீட்டுக்கும் பில்லர் இல்லாமல் கட்டினால் பைத்தியம் என்கிறார்கள். நம் வீட்டின் 4 டன் கம்பியில் கூரைக்குப் போவது ஒரு டன்தான். மிச்சம் பெரும்பாலும் ஃபுட்டிங், பில்லர், பீம். நல்ல கெட்டி மண் உள்ள இடத்தில், ஒன்பது இஞ்ச் சுவரே கூரையைத் தாங்கும். கருங்கல் அஸ்திவாரம், தரையை ஒட்டிய பிளிந்த் மட்டத்திலும் கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் சுற்றி ஒரு காங்கிரீட் பட்டை போட்டால் போதும். அப்படிக் கட்டினால் ஒன்றரை டன் கம்பியும் ஆறேழு கன மீட்டர் காங்கிரீட்டும் மிச்சமாகும். ஆறு டன் கார்பன். இந்த ஒரு முடிவு செங்கல், ஏஏசி சண்டையைவிட இரண்டு மடங்கு பெரிது. கரிசல் மண்ணாக இருந்தாலோ, மேலே இரண்டு மாடி நிச்சயம் எழுப்புவதாக இருந்தாலோ பில்லர்தான் சரி. "பின்னாடி தேவைப்பட்டா எடுத்துக்கலாம்" என்று மூன்று மாடிக்குப் பில்லர் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. அந்தக் கம்பியின் கார்பனை யாருக்கும் பயனில்லாமல் செலவழித்திருக்கிறோம்.

கூரையில் ஃபில்லர் ஸ்லாப், அதாவது காங்கிரீட்டின் அடிப்பாகத்தில் ஓடு பதிப்பது, ஒரு டன் அளவுக்குத்தான் மிச்சப்படுத்தும். அழகுக்காகச் செய்யலாம். கூரையின் பெரிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு படுக்கையறை ஏசி, வருடத்தில் 150 இரவு, எட்டு மணி நேரம் ஓடினால் 1,200 யூனிட் என்று வையுங்கள். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. வருடத்துக்கு 0.85 டன், 30 வருடத்தில் 25 டன். மின்சாரம் வருடாவருடம் சுத்தமாகும், எனவே இது குறையும். ஆனாலும் நம்முடைய சுவர்க் கணக்கெல்லாம் இதற்கு முன் சிறிதாகிவிடுகிறது. ஒரு மாடி வீட்டில் வெயில் அதிகம் இறங்குவது மொட்டை மாடி வழியாக. வெறும் ஸ்லாப் வழியாக இறங்கும் வெப்பம், மத்திய அரசின் வீட்டு எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு வைத்த வரம்பைப்போல மூன்று மடங்கு. வெள்ளை டைல்ஸ் ஒட்டினால் வெயில் திருப்பி அனுப்பப்படும், அழுக்கு படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். பழைய செங்கல் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் உதவும், ஆனால் வெப்பத்தை அந்த வரம்புவரை குறைக்காது. ஸ்லாபுக்கு மேல் ஓர் இன்சுலேஷன் அட்டை, அதற்கு மேல் வெள்ளை டைல்ஸ் என்பதே என் தேர்வு. ஏஏசி சுவருக்கு அதிகம் கொடுக்க நினைக்கும் பணத்தை முதலில் இங்கே போடுங்கள்.

கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். உப்புக்காற்று கம்பியைத் தின்று, 25 வருடத்தில் சீலிங் பெயர்ந்து விழும் வீடுகள் சென்னையில் ஏராளம். அப்படி ஒரு வீட்டை இடித்துத் திரும்பக் கட்டினால், மண்கல்லில் மிச்சம் பிடித்த 5 டன் எங்கே, திரும்பக் கொட்டும் 38 டன் எங்கே? கம்பிக்குக் கீழே உடைந்த ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுக்காமல், சின்ன கவர் பிளாக்கைச் சரியான உயரத்தில் வைத்திருக்கிறார்களா என்று காங்கிரீட் போடும் காலையில் நீங்களே குனிந்து பாருங்கள். கம்பியை மூடும் காங்கிரீட்டுக்கு, கடலோரத்தில் ஐஎஸ் 456 கேட்கும் கனம் 45 மில்லிமீட்டர். பெரும்பாலும் வைப்பது 20. கசடு சேர்ந்த பிஎஸ்சி உப்பை நன்றாகத் தாங்கும் என்பதால் கார்பனும் ஆயுளும் அங்கே ஒரே மூட்டையில் கிடைக்கின்றன. எனவே கடலோரத்தில் பிஎஸ்சியும் ஃபிளை ஆஷ் கல்லும். விழுப்புரம், புதுச்சேரி பக்கச் செம்மண்ணில் பில்லரில்லாத மண்கல் வீடு. சென்னை அடுக்குமாடிக்கு ஏஏசி.

மனையில் ஏற்கெனவே ஒரு பழைய வீடு இருந்தால் இந்த ஒப்பீட்டில் அதையும் ஒரு போட்டியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் கெட்டியாக இருந்து கூரை மட்டும் போயிருந்தால், புதுக் கூரையும் புது வயரிங்கும் போட்டு மீட்பதற்கு ஆகும் கார்பன் பத்து டன்னைத் தாண்டாது. இடிக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள். இடித்தே ஆக வேண்டும் என்றால், சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல்லைத் தனியாகக் கழற்றித் தரச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கலவை சிமென்ட் கலவையைப் போலக் கல்லையும் பிய்த்துக்கொண்டு வராது, அந்தக் கல் காம்பவுண்டுச் சுவருக்கு அப்படியே ஆகும்.