‘சொந்தமாக ரெக்கார்ட் பண்ணின தம்பூரா வேவ்டேபிள்’: பெங்களூரில் சுற்றும் பியூர் டேட்டா பேட்ச் பற்றி எச்சரிக்கை

பெங்களூரில் நாடகக் குழு, நாட்டியப் பள்ளி, பஜனைக் குழு நடத்தும் தமிழர்களிடம் வாட்ஸ்ஆப் வழியாக ஒரு சரக்கு விற்பனையாகிறது: பியூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளில் ஓடும் ‘பேட்ச்’, அதாவது பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துச் செய்த ஒலி நிரல். தம்பூரா, வீணை, நாதஸ்வரம் எல்லாம் எங்கள் ஸ்டூடியோவிலேயே ரெக்கார்ட் செய்த வேவ்டேபிள் (ஒலி அலையின் ஒரு சுற்றை எண்களாக வைத்திருக்கும் பட்டியல்), லேப்டாப்பில் பியூர் டேட்டா இருந்தால் போதும், நிகழ்ச்சி முடியும்வரை ஓடும் என்கிறார்கள். அல்சூரில் ஒரு நாடகக் குழு 18,500 ரூபாய்க்குப் பேசி, 10,000 ரூபாயை யுபிஐயில் முன்பணமாக அனுப்பியது. பாக்கிப் பணத்துக்கு விற்றவர் நெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பேட்ச் எங்களிடம் வந்தது.

விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். பேட்சுக்குள் என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறோம். அதே சரக்கு நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் பில். வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு படம்தான், ஜிஎஸ்டி எண் இல்லை. அதில் முதல் வரியே ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் 2,500’. பியூர் டேட்டாவுக்கு அப்படி ஒரு கட்டணமே கிடையாது. மில்லர் பக்கெட் 1990களில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பாக்கியை நிறுத்தியிருக்கலாம்.

அடுத்தது அர்ரேயின் அளவு, அதாவது வேவ்டேபிளின் எண்கள் உட்காரும் பட்டியலின் நீளம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு அலைச்சுற்று, சரியாக 600 சாம்பிள் (அலையை அளந்த எண்கள்). இந்த எண்ணைப் பார்த்தால் உடனே சந்தேகப்படலாம். அட்வெஞ்சர் கிட் என்ற பெயரில் பல வருடங்களாக இலவசமாகக் கிடைக்கும் ஒற்றைச் சுற்று அலைத் தொகுப்பில் ஒவ்வொரு கோப்பும் 600 சாம்பிள்தான். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் ஓட்டினால் 73.5 ஹெர்ட்ஸ். அதே கோப்பா என்று உறுதிசெய்ய, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் விற்றவரின் கோப்பை ஒரு டிராக்கிலும் இலவசக் கோப்பை இன்னொன்றிலும் வைத்து, இரண்டில் ஒன்றுக்கு ‘இன்வர்ட்’ (அலையைத் தலைகீழாக்குவது) கொடுத்து இரண்டையும் கலந்தால் போதும். ஒலி முழுக்க அடங்கினால் இரண்டும் ஒன்றே. இந்தப் பேட்சில் ‘வீணை’ முழுக்க அடங்கியது. அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தியதில் தப்பில்லை, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அதை வெளியிட்டிருக்கிறார்கள். ‘எங்கள் ஸ்டூடியோ ரெக்கார்டிங்’ என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் மோசடி.

இனி ஒலிக்கு வருவோம். தம்பூராவில் ‘ஜிர்ர்’ என்று மெல்லிய உரசல் விடாமல் கேட்டது. குழு கேட்டபோது, “அது ஜீவா சார், நிஜத் தம்பூராவிலே நூல் வெச்சா வருமே, அதேதான்” என்று பதில். சுத்தப் பொய். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே நூலைச் செருகி வரவழைக்கும் அந்த நாதத்தில், மீட்டிய கணத்திலிருந்து மேற்சுரங்கள் (அடிச்சுரத்தின் மடங்குகளில் ஒலிப்பவை) ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அடங்கும். ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அர்ரேயில் எல்லாச் சுற்றும் அச்சு அசல் ஒன்றுதான், அதில் ஜீவா வர வழியே இல்லை. இந்த உரசல் வந்தது சுற்றின் ஓரத்திலிருந்து.

டேப்ரீட்4~ என்பது அர்ரேயிலிருந்து மதிப்பைப் படிக்கும் பியூர் டேட்டா பெட்டி. அது நான்கு புள்ளிகளை வைத்து இடைமதிப்புக் கணக்குப் போடும். கேட்கும் இடத்துக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்னால் இரண்டு புள்ளிகளும் அதற்கு வேண்டும். அதனால் அர்ரேயின் முதல் புள்ளியிலும் கடைசி இரண்டிலும் அதனால் கணக்குப் போட முடியாது, அங்கே மதிப்பை அப்படியே நிறுத்திவிடும். விற்றவர் ஃபேசர்~ (0 முதல் 1 வரை திரும்பத் திரும்ப ஏறும் பெட்டி) வெளியீட்டை 600 ஆல் பெருக்கி நேராக டேப்ரீட்4~க்குள் விட்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் மூன்று புள்ளி அகலத்துக்கு அலை தட்டையாக நிற்கிறது, நடுவே குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் ‘ஜீவா’.

கண்ணாலேயே பார்க்கலாம். ஃபேசர்~க்கு 1 ஹெர்ட்ஸ் கொடுங்கள். டேப்ரீட்4~ வெளியீட்டை 44,100 நீளமுள்ள ஒரு அர்ரேக்குள் டேப்ரைட்~ கொண்டு எழுதுங்கள். படத்தைப் பெரிதாக்கினால் சுற்றின் தொடக்கத்தில் ஏறக்குறைய 73 சாம்பிளுக்கும் முடிவில் 147 சாம்பிளுக்கும் கோடு படுத்திருக்கும்.

சரிசெய்வது சின்ன வேலை. 603 நீளத்தில் இன்னொரு அர்ரே எடுங்கள். பழைய 0 முதல் 599 வரையான மதிப்புகளைப் புதியதில் 1 முதல் 600 வரை வையுங்கள். புதிய 0 இல் பழைய 599. 601 இல் பழைய 0. 602 இல் பழைய 1. பிறகு ஃபேசர்~ வெளியீட்டை 600 ஆல் பெருக்கி 1 கூட்டி டேப்ரீட்4~க்குக் கொடுத்தால் உரசல் போய்விடும். ஃபேசர்~, டேப்ரீட்4~ இரண்டின் வேலையையும் தானே செய்யும் டேப்ஆஸ்க்4~ பயன்படுத்துவதானால் அர்ரேயின் நீளம் இரண்டின் அடுக்கு கூட்டல் மூன்று ஆக இருக்க வேண்டும்: 515, 1027, 2051. இல்லாவிட்டால் பியூர் டேட்டா சன்னலில் சிவப்பில் எழுதிக் காட்டும். மேற்சுரங்களைக் கூட்டி அர்ரேயை நிரப்பும் சைன்சம் செய்தியில் 512 என்று கொடுத்தால் மூன்று புள்ளிகளை அதுவே சேர்த்து 515 ஆக்கிக்கொள்ளும். இவ்வளவும் மென்பொருளோடு வரும் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. காசு வாங்கியவர் அதைக்கூடப் புரட்டவில்லை.

குழுவின் லேப்டாப்பில் பேட்சை மூடித் திறந்தால் ஒலியே வரவில்லை. அர்ரேயை வைத்திருக்கும் ‘டேபிள்’ ஆப்ஜெக்ட் (பெட்டி) உள்ளிருப்பதைச் சேமிக்காது; திறக்கும்போது காலியாகத்தான் வரும். பேட்ச் திறந்ததும் தானே இயங்கும் லோட்பேங் வைத்து, ஒலிக்கோப்பை அர்ரேக்குள் ஏற்றும் சவுண்ட்ஃபைலர் மூலம் ஒவ்வொரு முறையும் கோப்பை ஏற்ற வேண்டும். இந்தப் பேட்சில் லோட்பேங் இல்லை, கையால் அமுக்கும் ஒரு செய்திப் பெட்டி மட்டும். அதிலும் விற்றவருடைய கணினியின் சி டிரைவ் முகவரி! கோப்பைப் பேட்ச் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்து, செய்தியில் கோப்பின் பெயரை மட்டும் எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும். ‘ரீட்’ உடன் ‘-ரீசைஸ்’ சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், அளவு எதுவும் கொடுக்காத டேபிளுக்கு இயல்பாக உள்ள 100 புள்ளிகளுக்கு மேல் ஒன்றும் ஏறாது.

நாலு தந்திக்கு, தனிக் கோப்பாகச் சேமித்த ஒரே துணைப் பேட்சை (அப்ஸ்ட்ராக்ஷன்) நாலு முறை போட்டிருந்தார். உள்ளே அர்ரேயின் பெயர் நாலிலும் ஒன்றுதான், அதனால் ‘மல்டிப்ளை டிஃபைன்ட்’ எச்சரிக்கை வரிசையாக வந்து விழுந்தது. எந்தத் தந்திக்கு எந்த அலை போகும் என்று சொல்லவே முடியாது. பஞ்சமத் தந்திக்குத் தனி அலை என்று காசு வாங்கியிருக்கிறார். ஒலித்தது நாலிலும் ஒன்றே. அர்ரேயின் பெயருக்கு முன்னால் $0- சேர்த்தால் ஒவ்வொரு பிரதிக்கும் தனிப்பெயர் கிடைக்கும். ஒரு கண்ணி உண்டு: செய்திப் பெட்டிக்குள் $0 எழுதினால் அது வெறும் பூஜ்யமாகிவிடும். எண்ணை வைத்திருக்கும் ஃப்ளோட் ஆப்ஜெக்டில் $0 கொடுத்து, அந்த எண்ணைச் செய்திப் பெட்டிக்குள் $1 ஆக வாங்க வேண்டும்.

சுருதி. ஒற்றைச் சுற்று அலைகள் போக, பேட்சோடு வந்த நீளமான தம்பூரா கோப்பு 48,000 இல் பதிவானது, குழுவின் ஆடியோ அமைப்பு 44,100. சவுண்ட்ஃபைலர் வேகத்தை மாற்றித் தராது, சாம்பிள்களை அப்படியே ஏற்றும். விளைவு, ஏறக்குறைய 1.47 அரைச்சுரம் கீழே. இரண்டு கட்டைக்கு வைத்த சுருதி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போய் உட்காரும். எந்த ஆர்மோனியத்தோடும் சேராது. ‘உங்க லேப்டாப் பழசு, எஸ்.பி. ரோடு சரக்கு’ என்று பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் சந்தையைச் சொல்லி விற்றவர் பழியை லேப்டாப் மேல் போட்டார். லேப்டாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆடியோ அமைப்பை 48,000 க்கு மாற்றியதும் சுருதி நேராகிவிட்டது. நடுநடுவே ஒலி வெட்டியதற்குக்கூட, முகப்பில் திறந்து கிடந்த அர்ரே படத்தில் ஓடும்போதே எழுதிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஒவ்வொரு முறையும் படத்தை மறுபடி வரைய வேண்டுமே. துணைச் சன்னலுக்குள் வைத்து மூடினோம், வெட்டு நின்றது.

நாதஸ்வரம் இன்னும் மோசம். 600 சாம்பிள் சுற்றுக்குள் 300 மேற்சுரம்வரை அடங்கும். 44,100 வேகத்தில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே போகும் எதுவும் மடங்கித் தாழ்ந்து, சுருதிக்குச் சேராத சுரமாக வரும். ஒரு கட்டை ஷட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ் என்றால் 84 மேற்சுரத்துக்குத்தான் இடம், மேல் ஷட்ஜத்தில் 42. ஆகவே ஸ்தாயிக்கு ஒரு அர்ரே வீதம், மேலே போகப்போக மேற்சுரங்களைக் குறைத்துச் செய்து வைப்பதுதான் முறை. டேப்ரீட்4~இன் இடைமதிப்புக் கணக்கு இதைத் தடுக்காது. சோதனை எளிது: சுருதியை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே போங்கள். சுரம் ஏறும்போது பின்னணியில் ஏதாவது விசில் இறங்கிக்கொண்டு வந்தால் பேட்ச் தவறு. இங்கே மத்திம ஸ்தாயியிலேயே இறங்கியது.

யாரிடமாவது செய்யச் சொல்கிறீர்கள் என்றால், பாக்கி கொடுக்கும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: பூட்டாத பேட்ச் கோப்பு, எல்லா ஒலிக்கோப்புகளும் அதே ஃபோல்டரில், பதிவான வேகம், ஒவ்வொரு அர்ரேயின் நீளம். பேட்ச் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து ‘table’ (டேபிள்), ‘array’ (அர்ரே) என்று தேடினால் பெயரும் நீளமும் தெரியும். ‘எங்கள் தொழில் ரகசியம்’ என்று கோப்பைத் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிறகு உங்கள் லேப்டாப்பில், அவர் கை படாமல், மூடித் திறந்து ஓட வேண்டும்.

ஏற்கனவே பணம் கொடுத்தவர்கள் யுபிஐ ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு, விற்றவர் அனுப்பிய கோப்பு மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியதாக இருந்தால் நுகர்வோர் என்ற கணக்கில் வராது என்று எதிர்த்தரப்பு வாதாடும். பஜனைக் குழுவுக்கோ, சொந்தப் பிழைப்புக்குத் தானே நடத்தும் நாட்டியப் பள்ளிக்கோ வாங்கியிருந்தால் அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.