உறைபனிக் காலத்தில் ஒரு தனியார் கிளப்பில் கோல்ஃப்

ஓர் உறுப்பினரின் விருந்தினராக இந்தக் கிளப்பில் ஆடச் சென்றபோது, காலை எட்டு மணிக்குக் குறித்திருந்த எங்கள் ஆட்டம் பத்து மணிக்கு மேல்தான் தொடங்கியது. மைதானம் முழுவதும் உறைபனி படிந்திருந்ததால், புல் வெளுப்பு நீங்கிப் பச்சை தெரியும்வரை யாரும் ஃபேர்வேயில், அதாவது டீயிலிருந்து குழிவரை நீளும் வெட்டிய புல்வெளியில், கால் வைக்கக் கூடாது என்று பொறுப்பாளர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மூத்த உறுப்பினர்கள் சிலர் அவருடைய மேசையைச் சூழ்ந்துகொண்டு முணுமுணுத்தார்கள், அவர் அசையவில்லை. இந்தக் கிளப்புக்கு நான் தரும் முதல் நல்ல மதிப்பெண் அந்தப் பிடிவாதத்துக்குத்தான்.

உறைபனி படிந்த புல்லின் உள்ளே இருக்கும் நீரும் உறைந்திருக்கும். அதன் மீது ஷூ அழுந்தினால் இலையின் உயிரணுக்கள் உடைந்துவிடும். அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. பிறகுதான் நடந்து போன தடம் அப்படியே பழுப்பாகத் தெரியத் தொடங்கும். கோடையில் இப்படிப்பட்ட காயம் விரைவில் ஆறிவிடும். குளிரில் புல் ஏறக்குறைய வளர்வதே இல்லை என்பதால், ஒரு காலைப் பொழுதின் அவசரம் வசந்தம்வரை கிரீனில் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்பரப்பில்) தங்கிவிடும். ஆண்டு முழுவதும் சந்தா கட்டும் உறுப்பினரிடம் "இப்போது ஆட முடியாது" என்று சொல்வது எளிதல்ல. அதைச் சொல்லும் துணிவு நிர்வாகத்துக்கு இருக்கிறதா என்பதை வைத்தே குளிர்காலத்தில் ஒரு தனியார் கிளப்பை நான் எடைபோடுவேன்.

ஆனால் அந்தத் தாமதத்தைத் தெரிவித்த விதத்தில் குறை உண்டு. மைதானப் பராமரிப்பாளர்கள் விடிவதற்கு முன்பே தரையைப் பார்த்துவிடுகிறார்கள். எல்லா உறுப்பினர்களின் கைபேசி எண்களையும் வைத்திருக்கும் நிர்வாகம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால், நாங்கள் வீட்டிலேயே இருந்திருப்போம். மாறாக, விருந்தினர்கள் பலரும் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் காத்திருந்தோம். எப்போது தொடங்கும் என்று கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

வெயில் ஏறிய பிறகும் மரநிழலில் இருந்த சில கிரீன்கள் மூடியே கிடந்தன. அவற்றுக்கு முன்னால் ஃபேர்வேயிலேயே ஒரு பகுதியைக் குட்டையாக வெட்டித் தற்காலிக கிரீன் அமைத்திருந்தார்கள். மேற்பரப்பு இளகி ஈரமாகத் தெரிகிறதே, பிறகு ஏன் இன்னும் மூடி வைத்திருக்கிறார்கள் என்று எங்களுடன் ஆடிய ஒருவர் அலுத்துக்கொண்டார். உண்மையில் ஆபத்து மிகுந்த நேரம் அதுதான். மேலே சிறிதளவு மண் இளகி, அதன் கீழே தரை கல்லாக உறைந்திருக்கும்போது, நடப்பவரின் எடையில் மேல்மண் வழுக்கி நகர்கிறது. கீழே உறைந்த மண்ணில் சிக்கியிருக்கும் வேர்கள் அறுபடுகின்றன. இதை அறிந்து முடிவெடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி. தற்காலிக கிரீன்கள் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தன. வழக்கமான 108 மில்லிமீட்டர் குழியைவிடச் சற்றுப் பெரிய குழியை வெட்டி அதற்கு ஈடுகட்டியிருந்தார்கள். அந்தக் குழிகளில் எடுத்த அடிகளின் எண்ணிக்கையை எங்களில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, குளிரில் பந்து பறக்காது, ஆனால் ஓடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். சுழியப் பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.29 கிலோ, 30 பாகையில் அது சுமார் 1.16 கிலோ. பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்ந்த அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய பந்தும் குளிரில் விறைத்துப் போவதால் மட்டையிலிருந்து துள்ளும் வேகம் குறைகிறது. போதாக்குறைக்கு, மூன்று அடுக்கு உடையோடு உடலை முழுமையாகச் சுழற்றவும் முடிவதில்லை. எண் குறையக் குறைய மட்டை பந்தை அதிகத் தூரம் அனுப்பும்; ஆகவே வழக்கமாக ஏழாம் எண் இரும்பு மட்டையை எடுக்கும் தூரத்துக்கு ஆறாம் எண்ணை, சில நேரம் ஐந்தாம் எண்ணையே எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பார் 3 குழியில் (மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குறுகிய குழியில்) என் பந்து கிரீனின் முன்பகுதியில் சரியாகத்தான் இறங்கியது. பாறையில் பட்டது போன்ற சத்தத்தோடு ஆளுயரத்துக்கு எழும்பி, கிரீனைத் தாண்டிப் புதரோரம் போய் நின்றது. அதன் பிறகு கேடி, அதாவது பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளர், சொன்னபடி, குழியில் நட்ட கொடியை மறந்துவிட்டு, கிரீனுக்குப் பத்தடி முன்னதாகப் பந்தை இறக்கி உருளவிட்டேன், பலன் கிடைத்தது.

கேடிகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். தரை இறுகியிருந்ததால், முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயை ஊன்ற முடியாமல் இரண்டு மர டீக்கள் முறிந்தன. எங்கள் கேடி பையிலிருந்து தடித்த ஆணி ஒன்றை எடுத்து, மட்டையின் அடிப்புறத்தால் மெல்லத் தட்டித் துளையிட்டு, அதில் டீயைச் செருகித் தந்தார். மட்டைகளின் பிடியைத் துடைக்க ஓர் உலர்ந்த துண்டைத் தன் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தார். குளிரில் ரப்பர் பிடி வழுக்கும், நடுவில் படாத அடி மணிக்கட்டுவரை சுரீரென்று ஏறும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் டீ பகுதியின் அருகே ஒட்டியிருந்த விதிக் குறிப்பும் பாராட்டத்தக்கது. பனித்துகளும் இயற்கையான பனிக்கட்டியும் அகற்றத்தக்க பொருள்களாக அல்லது தற்காலிக நீராகக் கொள்ளப்படும், உறைபனிக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். டீ பகுதியில் மட்டும் உறைபனியைத் துடைத்துவிடலாம். மணல் இறுகி மேலோடு கட்டியிருந்த பங்கர்களிலிருந்து (மணற்குழிகளிலிருந்து), போட்டியல்லாத அன்றைய ஆட்டத்துக்கு மட்டும், தண்டனையின்றிப் பந்தை வெளியே எடுக்க அனுமதித்திருந்ததும் நியாயமே. மணலிலிருந்து அடிக்கும் வெட்ஜ் மட்டையின் அடிப்பாகம் அந்த மணலில் இறங்காமல் எகிறித்தான் போகும். ஆனால் முக்கியமான ஒன்றை அந்தக் குறிப்பு விட்டுவிட்டது. கையைச் சூடாக்கும் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அதே பொட்டலத்தோடு பந்தையும் வைத்துச் சூடேற்றி அடித்தால், கோல்ஃப் விதி 4.2-இன்படி தகுதி நீக்கம்தான். உறுப்பினர்கள் சிலர் அதைச் சாதாரணமாகச் செய்வதைக் கண்ணால் பார்த்தேன். போட்டி நாளிலும் அவர்கள் அப்படியே செய்தால் கிளப்புக்குத்தான் தலைக்குனிவு.

2019-இல் வந்த விதி மாற்றங்கள் குளிர்கால ஆட்டக்காரருக்குப் பெரிய உதவி. கொடியைக் குழியிலேயே விட்டு பட் செய்யலாம் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டலாம்) என்பதால் விறைத்த விரல்களால் அதைப் பிடிக்க வேண்டியதில்லை. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்ததால் ஒரே இடத்தில் நின்று நடுங்கும் நேரமும் குறைகிறது. வெள்ளைப் பந்து உறைபனியில் கண்ணுக்கே படாது. புரோ ஷாப்பில் மஞ்சள் பந்தும், இரு கைக்குமான குளிர்காலக் கையுறையும் முன்வரிசையிலேயே வைத்திருந்தார்கள்.

வண்டிகளைப் பாதையை விட்டு இறக்கக் கூடாது என்றார்கள். நடந்தால்தான் உடல் சூடாகும் என்பதால் நாங்கள் வண்டி கேட்கவே இல்லை. ஒன்பதாவது குழிக்குப் பின்னால் இருக்கும் இடைவேளைக் குடில் குளிர்காலத்தில் திறப்பதில்லை என்பதை அங்கே போய்ப் பூட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். சூடாக ஒரு வாய் குடிக்க மிகவும் தேவைப்படும் பருவத்தில் அதைப் பூட்டி வைப்பதன் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டம் முடிந்தபின் உடைமாற்றும் அறையில் தாராளமாக வெந்நீர் வந்தது, ஈர ஷூக்களைக் காயவைக்கத் தனி அறையும் இருந்தது. அவை அந்தக் கோபத்தைப் பாதி தணித்தன.

உறுப்பினராக உள்ள நண்பர் யாராவது உங்களைக் குளிர்காலத்தில் இங்கே அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். காலை எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். பத்தரைக்குப் பிறகு கேளுங்கள். புறப்படும் முன் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, எந்தெந்தக் குழிகளில் தற்காலிக கிரீன், குடில் திறந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.